ஏழு வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்: கார்டன் டிராக்டர் வாங்குறவங்க பின் ஆக்சில பாருங்க

நார்த் கரோலினால, ராலேல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி 3 ஏக்கர்ல ஒரு வீடு வாங்கி 2015ல குடி வந்தோம். இந்தப் பக்கம் செம்மண் களி, மழை பேஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும், காஞ்சா சிமெண்ட் தரைதான். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஏக்கர் ஓடைய பாத்து நல்ல சரிவு. வீடு வாங்கும்போது அந்த சரிவு அழகா தெரிஞ்சது, அவ்வளவுதான் சொல்லுவேன்.

முதல்ல வாங்குனது பெரிய கடைல வரிசையா நிக்க வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி சாதா லான் டிராக்டர், அதான் உக்காந்து ஓட்டி புல்லு வெட்டுற வண்டி. பிராண்டு பேரும் வேணாம் கலரும் வேணாம், ஏன்னா தப்பு பாதி என் மேலதான், சமதரைல ஓட்ட வேண்டியத சரிவுல ஏத்துனேன். மூணாவது சம்மர்ல ஒரு கூத்து ஆரம்பிச்சுது. காலைல ஜம்முனு மேடு ஏறும், ஒரு மணி நேரம் வெட்டுனதுக்கு அப்புறம் அதே மேட்டுல பாதில நின்னுடும், எஞ்சின் பாட்டுக்கு ஓடுது பெடல முழுசா அமுக்குறேன் வண்டி நகரல. ஆற விட்டா திரும்ப ஏறும். நான் பெல்ட் லூசுன்னு நெனச்சு பெல்ட்ட மாத்துனேன், பணம் போனதுதான் மிச்சம்.

விஷயம் பெல்ட் இல்ல, பின் ஆக்சிலோட சேந்து இருக்குற ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன். உள்ள கியர் மாத்துற கதையே இல்ல, ஒரு பம்ப் ஆயில தள்ளும், அந்த அழுத்தத்துல ஒரு மோட்டார் சுத்தி சக்கரத்த ஓட்டும். சரிவுல லோடு ஏற ஏற ஆயில் சூடாகி தண்ணியாட்டம் ஆயிடும், தேஞ்ச பம்ப்ல அழுத்தம் நிக்காம உள்ளுக்குள்ளயே கசிஞ்சிடும். அத ஆற வைக்க மேல ஒரு சின்ன ஃபேன் இருக்கும், அதுல புல்லு அடைஞ்சா இன்னும் மோசம், அத நான் மூணு வருஷத்துல ஒரு தடவ கூட குனிஞ்சு பாக்கல.

2018ல ரெண்டாவது வாங்கும்போதுதான் பச்சையா மஞ்சளா ஆரஞ்சாங்கற பிராண்டு சண்டைய விட்டுட்டு கீழ படுத்து பின் ஆக்சில பாக்க ஆரம்பிச்சேன். எஞ்சின பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, காவாசாக்கி, கோலர், பிரிக்ஸ்னு அதே வி-ட்வின் (ரெண்டு சிலிண்டர்) எஞ்சின்தான் பல பிராண்டுலயும் மாறி மாறி வரும், 22 ஹெச்பிக்கும் 25க்கும் புல்லு வெட்டும்போது வித்தியாசமே தெரியாது. கார்டன் டிராக்டர்னா கனமான ஃபிரேம், 20 இன்ச்சுக்கு பதிலா 23 இன்ச் பின் டயர், டிஃப்ரன்ஷியல் லாக் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேத்து ஒண்ணா சுத்த வைக்கிறது), டில்லர் போட்டு மண்ணக் கிளறுனா தாங்குற ஆக்சில். காசு அதுக்குத்தான்.

நான் எடுத்தது ஜான் டீர் X500 சீரிஸ், 48 இன்ச் டெக் (பிளேடு இருக்குற அடிப்பெட்டி). ஆறாயிரம் டாலர தாண்டுச்சு, வீட்டுல ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்ல. ஆனா வாரண்டி 4 வருஷம் இல்லன்னா 500 மணி நேரம், டீலர் இருபது நிமிஷத்துல. இப்ப மீட்டர்ல 390 சொச்சம், அதே மேட்டுல ஆகஸ்ட் வெயில்லயும் ஏறுது. ஈரத்துல ஒரு சக்கரம் சுத்துனா லாக்க மிதிச்சா போதும்.

பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கப் கேடட் XT3, ரெண்டு சனிக்கிழமை வாங்கி ஓட்டிருக்கேன். அதுல எஞ்சின்ல இருந்து டிரான்ஸ்மிஷனுக்கு பெல்ட் இல்ல, ஷாஃப்ட், அதாவது சுத்துற தண்டு. மேட்டுல அந்த இழுவை கைல தெரியும், விலையும் என்னோடத விட கம்மி, அப்ப எனக்கு அதோட டீலர் பக்கத்துல இருந்திருந்தா அதத்தான் எடுத்திருப்பேன். கப் கேடட் 1961ல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்ங்கற டிராக்டர் கம்பெனி ஆரம்பிச்சது, 1981ல எம்டிடிங்கற கம்பெனிக்கு கை மாறுச்சு, அந்த பழைய வண்டிங்களுக்கு இங்க இன்னும் ஒரு கூட்டமே இருக்கு. ஹஸ்க்வர்னா லாக் வெச்ச மாடல் நண்பர் வெச்சிருக்காரு, சமதரைக்கு தாராளம். வெட்டு அழகுன்னா சிம்ப்ளிசிட்டிதான், டெக்குக்குப் பின்னாடி முழு அகலத்துக்கு ரோலர் இருக்கும், கிரிக்கெட் கிரவுண்ட் மாதிரி பட்டை பட்டையா விழும். எனக்கு அந்த அழகு வேண்டியதில்ல, எங்க அம்மா ஊர்ல இருந்து வந்தப்ப "ஏங்கண்ணு, இத்தன புல்ல வெட்டி அப்படியே போடறியே, ரெண்டு மாடு புடிச்சுக் கட்டுனா ஆகாதா"ன்னாங்க, அதுக்கே பதில் இல்ல.

எந்த பிராண்டா இருந்தாலும் ஈரப்புல்லு டெக்க அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல குளிர்காலம் பூரா டேங்குல விட்டா கார்புரேட்டர் பிசினாகும், நவம்பர்லயே பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்திடுங்க. சரிவுல குறுக்க ஓட்டாதீங்க, மேலயும் கீழயுமா மட்டும், 15 டிகிரிக்கு மேல இருந்தா ஏறவே வேணாம்.

பழசு வாங்குறதா இருந்தா விக்கிறவர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, நான் வர்றப்ப ஒரு மணி நேரம் வெட்டி சூடா இருக்கட்டும்னு. அப்புறம் மேட்டுல ஏத்துங்க, பாதில நிறுத்தி மறுபடி கெளப்புங்க. "ஆறுனதும் சரியா ஓடும் சார்"னு சொன்னாருன்னா காச பையில வெச்சுக்கிட்டு திரும்பிடுங்க.