ரென் அண்ட் மார்ட்டின் நூலில் வியப்பிடைச்சொற்கள்: ஒரு மதிப்புரை

எஸ். சாந்த் நிறுவனம் வெளியிட்டுவரும் ‘ஹை ஸ்கூல் இங்கிலீஷ் கிராமர் அண்ட் காம்போசிஷன்’ நூலை அதன் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்றால் புத்தகக் கடையில் எடுத்துத் தந்துவிடுவார்கள். இந்தியக் கல்விப் பணியில் இருந்தவரும், பிரெஞ்சு அயல்நாட்டுப் படையணியைப் பற்றிய நாவல்களால் பெயர்பெற்றவருமான பி. சி. ரென், எச். மார்ட்டினுடன் சேர்ந்து 1930களில் உருவாக்கிய நூல் இது. பின்னர் என். டி. வி. பிரசாத ராவ் இதைத் திருத்தியமைத்தார். நூல் முழுவதையும் மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஆங்கிலத்தின் எட்டுச் சொல்வகைகளில் கடைசியாக வைக்கப்பட்டு, ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் இன்டர்ஜெக்‌ஷன் என்னும் வியப்பிடைச்சொல் பாடம் ஒரு தமிழ் மாணவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன்.

பாடம் சொல்வது இவ்வளவுதான்: திடீரென்று எழும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் சொல் வியப்பிடைச்சொல், வாக்கியத்தின் மற்றச் சொற்களோடு அதற்கு இலக்கணத் தொடர்பு கிடையாது. மகிழ்ச்சிக்கு ‘ஹுர்ரா’, ‘ஹுஸ்ஸா’, துயரத்துக்கு ‘அலாஸ்’, வியப்புக்கு ‘ஹா’, ‘வாட்’, பாராட்டுக்கு ‘பிராவோ’ என்று ஒரு சிறு பட்டியல் வருகிறது. ‘வெல் டன்’, ‘ஃபார் ஷேம்’, ‘குட் கிரேஷஸ்’ போன்ற தொடர்களும் இப்படிப் பயன்படும் என்ற குறிப்போடு பாடம் முடிகிறது. வாக்கியத்தில் எது வியப்பிடைச்சொல் என்று அடையாளம் காட்டச் சொல்லும் தேர்வு வினாவுக்கு இதுவே போதும். அந்த அளவில் பாடம் தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்கிறது. இவ்வகைக்குக் கடைசி இடமும் குறைந்த இடமும் ஒதுக்குவது ரென்னும் மார்ட்டினும் தொடங்கி வைத்த வழக்கமும் அன்று. கிரேக்க இலக்கணிகள் இச்சொற்களை வினையடைக்குள் சேர்த்திருந்தார்கள். லத்தீனில் ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற சார்புச்சொல் இல்லாததால் எட்டு என்ற கணக்கு குறைந்தது. அந்த இடத்தை நிரப்ப இவற்றைத் தனிவகையாகப் பிரித்தவர்கள் லத்தீன் இலக்கணிகள். ஆங்கிலப் பள்ளி இலக்கணம் அந்த ஏற்பாட்டையே சுவீகரித்துக்கொண்டது.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், இலக்கணத் தொடர்பே இல்லை என்று விதிவிலக்கின்றி அறுதியிட்டுச் சொல்லும் இடத்தில்தான். ‘அவுச்’, ‘ஊப்ஸ்’, ‘வாவ்’ போன்றவை எதையும் தழுவாமல் தனித்து நிற்பவை என்பது உண்மை. ஆனால் ‘ஹுர்ரே’ என்பதற்குப் பின் ‘ஃபார்’ என்னும் முன்னிடைச்சொல்லை இட்டு யாருக்காக அந்த ஆரவாரம் என்று சொல்லலாம்; ‘ஷேம்’ என்பதற்குப் பின் ‘ஆன் யூ’ வரும்; ‘ஓ ஃபார் எ கப் ஆஃப் டீ’ என்று ஒரு வாய்த் தேநீருக்கு ஏங்கலாம். எந்தச் சொல்லுக்குப் பின் எந்த முன்னிடைச்சொல் வரும் என்பது பழக்கத்தால் உறுதிப்பட்ட ஒழுங்கு. அதற்கு இலக்கணம் என்ற பெயரை மறுப்பது கடினம். இவை வேறு சொல்வகைகளாக மாறுவதும் அப்படியே. பார்வையாளர்களை ‘வாவ்’ செய்யலாம், ஆட்டக்காரரை ‘பூ’ என்று கேலிக் கூச்சலிட்டு ‘பூ’ செய்யலாம், கோழிகளை ‘ஷூ’ என்று விரட்டி ‘ஷூ’ செய்யலாம்; மூன்றும் அப்போது முறையான வினைச்சொற்கள், இறந்தகால விகுதியும் ஏற்கும். ஒரே சொல் பல வகையாக வருவதற்கென்று இந்நூலிலேயே தனிப் பாடம் இருக்கும்போது, அதன் பக்கம் ஒரு விரலாவது இங்கிருந்து நீட்டியிருக்கலாம்.

எடுத்துக்காட்டுகளின் வயது அடுத்த சிக்கல். ‘அலாஸ்! ஹி இஸ் டெட்’ என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்யாமல் இந்தியாவில் ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் அரிது. இன்றைய ஆங்கிலத்தில் ஒருவர் இறந்த செய்தியை அப்படி யாரும் சொல்வதில்லை. சொன்னால் நாடக மேடையில் நிற்பதுபோல இருக்கும். ‘அலாஸ்’ செத்துப்போன சொல் அன்று, அதன் வேலை மாறிவிட்டது. பெரும்பாலும் எழுத்தில், வாக்கியத்தின் நடுவில், இரு காற்புள்ளிகளுக்கிடையே, ‘வருந்தத்தக்க வகையில்’ என்ற பொருளில், பல வேளைகளில் மெல்லிய கேலியோடு வருகிறது. ‘ஹுஸ்ஸா’ பழைய நூல்களில் மட்டுமே வாழ்கிறது. ‘ஹுர்ரா’ இருந்த இடத்தில் ‘ஹுர்ரே’யும் ‘யே’யும் வந்துவிட்டன. ‘பிராவோ’ இசையரங்கிலும் நாடக அரங்கிலும் கேட்கும். நண்பர் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தால் ‘கங்கிராட்ஸ்’ அல்லது ‘நைஸ் ஒன்’ என்பார்கள். பட்டியலை மட்டும் நம்பிப் பேசத் தொடங்கும் மாணவர் இலக்கணப் பிழை எதுவும் செய்யமாட்டார். கேட்பவர் மட்டும் புன்னகையை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வழக்கொழிந்த சொற்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வியப்பிடைச்சொல்லை முழுக்க முழுக்க உணர்ச்சியின் வெளிப்பாடாக மட்டுமே பார்க்கும் பார்வைதான் இந்தப் பாடத்தின் பெரிய குறை. அன்றாட ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வரும் ‘ஓ’, ‘வெல்’, ‘அஹ்’, ‘அம்’, ‘எம்-ஹ்ம்’ ஆகியவற்றை எந்த உணர்ச்சியின் கீழ் வகைப்படுத்துவது? ‘அவர் நேற்றே ஊருக்குப் போய்விட்டார்’ என்று ஒருவர் சொல்கிறார். ‘யெஸ்’ என்று பதில் சொன்னால், அது எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிறது. ‘ஓ’ என்றால், இப்போதுதான் தெரிந்துகொண்டேன் என்று ஆகிறது. உரையாடல் ஆய்வாளர் ஜான் ஹெரிடேஜ் 1984இல் ‘ஓ’ பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை விளக்கியது இதைத்தான்: பேசுபவரின் அறிவுநிலை மாறியது என்பதை அறிவிக்கும் குறி அது, வியப்போ துயரமோ அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ‘வெல்’ இன்னும் நுட்பமானது. அழைப்பை மறுக்கும் முன்னும், கேள்விக்கு நேர்விடை தர இயலாதபோதும், கருத்து வேறுபாட்டைத் தெரிவிக்கும் முன்னும் ஆங்கிலம் பேசுபவர் அதைப் போட்டுக்கொள்கிறார்; அந்தச் சொல்லைக் கேட்டதுமே, வரப்போவது நாம் விரும்பிய விடையன்று என்று எதிரில் இருப்பவர் ஆயத்தமாகிவிடுகிறார். ‘அஹ்’, ‘அம்’ இரண்டும் வெறும் தடுமாற்றம் என்று நம் ஆசிரியர்கள் கண்டிப்பது வழக்கம். சிறு இடைவெளிக்கு முன் ‘அஹ்’ என்பதும் நீண்ட இடைவெளிக்கு முன் ‘அம்’ என்பதும் வருவதாகக் காட்டி, இவை கேட்பவருக்குத் தரும் அறிவிப்புகளே என்று ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002இல் வாதிட்டார்கள். 1930களின் நூலில் இந்த ஆய்வுகளைத் தேடுவது நியாயமன்று. ஆயினும் ‘வெல்’ என்று தொடங்கும் மறுமொழிகள் ரென்னின் காலத்து நாவல்களிலேயே கொட்டிக்கிடந்தன, அவருடைய நாவல்கள் உட்பட.

யாரிடம் எதைச் சொல்லலாம் என்பது பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. சொன்னது காதில் விழவில்லை என்பதை ஆங்கிலத்தில் ‘ஹா?’ என்ற ஒற்றையொலியால் தெரிவிக்கலாம். தொடர்பற்ற பல மொழிகளில் இதையொத்த ஒலி இருப்பதைக் காட்டிய 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 2015இல் பெற்றது. ஆனால் நேர்முகத் தேர்விலோ மேலதிகாரியிடமோ அதைச் சொல்வது மரியாதைக் குறைவு, ‘சாரி?’ அல்லது ‘பார்டன்?’ என்பதே அங்கு பொருந்தும். ‘ஹே’ என்ற விளியும் அப்படித்தான்: நண்பருக்கு இயல்பு, முன்பின் அறியாத பெரியவருக்கு இடறல். இறைவன் பெயரை வியப்புக்காக எடுப்பதைச் சமயப் பற்றுள்ள ஆங்கிலேயர் பலர் விரும்பாததால், அதை மறைக்கப் பிறந்த மாற்றுச் சொற்களும் ஏராளம். ‘காஷ்’, ‘கோலி’, ‘ஜீஸ்’ எல்லாம் அந்தக் குடும்பம். பாடத்தில் இருக்கும் ‘குட் கிரேஷஸ்’கூட அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அதற்கு ஒரு வரி விளக்கம் கொடுத்திருந்தால், ‘ஓ மை காட்’ எங்கே கூடாது என்பதை மாணவர் தாமே ஊகித்திருப்பார்.

ஒலி பற்றிய மௌனத்தை அச்சு நூலின் இயல்பான எல்லை என்று விட்டுவிடலாம். இருப்பினும் ‘அஹ்-ஹ’ என்றால் ஆம், அதையே இடையில் குரல்வளையை அடைத்து ‘அ-அ’ என்று வெட்டிச் சொன்னால் இல்லை என்பதை அறியாதவர் தொலைபேசியில் தவறான உடன்படிக்கை செய்துகொள்ள நேரலாம். ‘டட்-டட்’ என்று அச்சிடப்படுவது பல்லின் பின்புறம் நாவைச் சப்புக்கொட்டும் ஒலி. நாம் இரக்கத்துக்கும் சலிப்புக்கும் எழுப்பும் ‘ச்சு’ ஒலியேதான். எழுத்தைப் பார்த்து ‘டட் டட்’ என்று வாசிப்பவர் அதை அடையாளம் காணவே மாட்டார்.

இத்தனைக்கும் பிறகு இந்நூலை நான் பரிந்துரைக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் வியப்பிடைச்சொல் பாடம் அன்று. நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பாடம். வியப்பிடைச்சொல்லைப் பற்றி இந்நூல் உண்மையில் ஆழமாகக் கற்பிப்பது அங்குதான். ‘அலாஸ்! ஐ ஆம் அன்டன்’ என்று ஒருவன் சொன்னதை அயற்கூற்றில் எழுதும்போது, அவன் வருத்தத்தோடு கூவினான் என்று வினைச்சொல்லையும் அடையையும் கொண்டு எழுத வேண்டும். ‘அலாஸ்’ உள்ளே வர முடியாது. ‘பிராவோ’ என்று சொன்னதைப் பாராட்டினான் என்ற வினையாக்க வேண்டும். வாக்கியத்தின் மற்ற எல்லாப் பகுதிகளும் காலமும் இடமும் மாறி உள்ளே நுழைய, இந்த ஒரு சொல் மட்டும் வாசலில் நின்றுவிடுகிறது. அதன் பொருளை எழுதுபவர் தம் சொல்லில் பெயரிட்டுத் தர வேண்டியிருக்கிறது. தமிழ் மாணவர் தடுமாறுவது சரியாக இந்த இடத்தில். தமிழில் ‘ஐயோ, எல்லாம் போயிற்றே என்று அழுதான்’ என்று ‘ஐயோ’வை அப்படியே வைத்துக்கொள்ள ‘என்று’ இடம் தருகிறது; ஆங்கிலத்தின் ‘தட்’ இடம் தராது. எனவே நம் மாணவர்கள் ‘ஹி எக்ஸ்கிளெய்ம்டு தட் அலாஸ்’ என்று எழுதிவிட்டு, எங்கே தவறு என்று புரியாமல் விழிக்கிறார்கள். பயிற்சிகளை ஒன்றுவிடாமல் செய்பவருக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. அது மட்டுமல்லாமல், ஒவ்வொரு முறையும் ‘ஓ’வுக்கு வருத்தமா, வியப்பா, ஏக்கமா என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால், முதற்பாடத்தின் பட்டியல் சொல்லாமல் விட்ட ஒன்று தானாகவே விளங்குகிறது: ஒரே சொல் சூழலுக்கேற்ப எந்த உணர்ச்சியையும் ஏற்கும்.

நிறுத்தக்குறிகளில் நூல் ஒருதலைப்பட்சமானது. வியப்பிடைச்சொல் பாடத்தின் எடுத்துக்காட்டுகளில் எங்கும் உணர்ச்சிக்குறி இருப்பதால், ‘ஓ’ வந்தால் உணர்ச்சிக்குறி கட்டாயம் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் நிலைத்துவிட்டது. உணர்ச்சி மிகுந்தால் உணர்ச்சிக்குறி, மெல்லியதானால் காற்புள்ளி என்பதே நடைமுறை. ‘நோ, தேங்க்ஸ்’, ‘யெஸ், சார்’ என்பவற்றில் அந்தக் காற்புள்ளியை விடுவதும் நம் மின்னஞ்சல்களில் பரவலாகக் காணப்படும் பிழை. விளிக்கு முன் பெரிய எழுத்தில் தனித்து வரும் ‘ஓ’வுக்குப் பின் காற்புள்ளி வராது, ஒற்றை எழுத்து அது, வியப்புக்கு வரும் ‘ஓ’ இரண்டு எழுத்துகளால் ஆனது, அதற்குப் பின் காற்புள்ளி வரும். இறைவணக்கப் பாடல்களையும் பழைய கவிதைகளையும் படியெடுப்பவர்கள் இவ்விரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

பாடத்தின் இடைவெளியை நிரப்பச் செலவில்லாத வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பதிப்பும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் இணையப் பதிப்பும் ஒலிப்பையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தருகின்றன. முறைசாராச் சொல், பழைய வழக்கு, புண்படுத்தும் சொல் போன்ற குறிப்புகளும் உண்டு. நமக்குத் தேவையானது அந்தக் குறிப்புகள்தான். ஒரு எச்சரிக்கை: அவ்விரு அகராதிகளும் இவ்வகைக்கு ‘எக்ஸ்கிளமேஷன்’ என்றே முத்திரை இடுகின்றன, ‘இன்டர்ஜெக்‌ஷன்’ என்ற முத்திரையைத் தேடுபவர் அமெரிக்க மெரியம்-வெப்ஸ்டருக்குப் போக வேண்டும். ஒலிப்பதிவுகள் தனிச்சொல்லைச் சமநிலைக் குரலில் சொல்பவை என்பதால், ‘ஓ’வின் ஏற்ற இறக்கம் அங்கும் கிடைக்காது, அதற்கு வானொலி உரையாடல்களைக் கேட்பதே வழி. ஆழமாகப் போக விரும்பும் ஆசிரியர்களுக்கு 1999இல் டக்ளஸ் பைபரும் உடனாசிரியர்களும் வெளியிட்ட லாங்மன் பேச்சு-எழுத்து இலக்கண நூல் பயன்படும். வியப்பொலிகளையும் வாழ்த்து, நன்றி, தயக்கவொலி முதலியவற்றையும் ஒரே பெருவகைக்குள் கொண்டுவந்து, உரையாடலில் ஒவ்வொன்றின் வேலையையும் அது விளக்குகிறது. பருமனும் விலையும் மாணவருக்கு உகந்தவை அல்ல. நூலகத்தில் பார்ப்பது மேல்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் ரென் அண்ட் மார்ட்டினை வாங்கலாம். ஆங்கிலம் பேசக் கற்பவர், வியப்பிடைச்சொல்லைப் பொறுத்தமட்டில், அதை நம்பி இருக்க வேண்டாம். வீட்டில் பழைய பதிப்பு இருந்தால் இந்தப் பாடத்துக்காக வண்ணப் பதிப்புக்கு மாற வேண்டியதில்லை. விடைநூல் தனியே விற்கப்படுகிறது; ஆசிரியர் துணையின்றி அயற்கூற்றுப் பயிற்சிகளைச் செய்பவர் அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.