அறம் ஒன்றா, ஆளுக்கொன்றா?

அறம் எங்கும் ஒன்றே என்பது ஒரு பார்வை; இடத்துக்கு இடம் மாறும் என்பது இரண்டாவது. பாம்பன் கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம்.

உறுதி
எங்கும் ஒன்றே: சொல்ல எளிது, பிடித்து நிற்கலாம்.
இடத்துக்கு இடம் மாறும்: கடலடியில் ஊரும் கடல் அட்டையைப் பாருங்கள். இங்கே 2001 முதல் பிடித்தால் குற்றம். எதிரே இலங்கையில் உரிமத்தோடு பிடிக்கிறார்கள். உயிர் ஒன்றுதான்.

தன்சார்பு
எங்கும் ஒன்றே: இங்கேதான் ஆபத்து அதிகம். நான் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளை. விசைப்படகின் இழுவைமடி, அதாவது கடலில் இழுத்துச் செல்லும் பெரிய வலை, அறுத்த எங்கள் வலையை அப்பா மடியில் போட்டு, கண்ணி கண்ணியாக முடிச்சிடுவதைப் பார்த்தே வளர்ந்தேன். விசைப்படகுக்காரர் அனைவரும் அநியாயக்காரர் என்பது எனக்கு நிரந்தர உண்மையாக இருந்தது. சித்தப்பா கடனுக்காக விசைப்படகில் கூலிக்கு ஏறிய பிறகுதான், அது உண்மையல்ல, எங்கள் வீட்டுக் காயம் என்று புரிந்தது.
இடத்துக்கு இடம் மாறும்: சார்பு இங்கும் உண்டு. வலையை அறுத்தவரே "அவரவர் நியாயம்" என்பார்.

எது எதற்கு?
இரு தரப்பும் வழக்குப் பேச உட்காரும்போது இரண்டாவதோடு தொடங்குங்கள். எதிராளியின் அடுப்பும் கண்ணில் படும். அறுத்த வலைக்கு ஈடு கேட்கையில் முதலாவதை விடாதீர்கள். நடுக்கடலில் ஒருவன் தத்தளித்தால் முதலாவது மட்டுமே. எந்தப் படகின் ஆள் என்று விசாரித்தா கயிறு வீசுவோம்?