கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பட்டை: திரைவாசிப்பானோடு ஹார்டு டிஸ்க் பிரித்த அனுபவம்

பழுதுபார்க்கக் கொடுத்த என் மடிக்கணினி திரும்பி வந்தபோது, சி, டி, இ என்று மூன்றாக இருந்த டிரைவ்கள் ஒன்றாகிப் போயிருந்தன. 1 டிபி என்று விற்கப்படும் ஹார்டு டிஸ்க், 1024-இன் மடங்குகளில் கணக்கிடும் விண்டோஸில் 931 ஜிபியாகத்தான் தெரியும்; அது முழுவதும் ஒரே சி டிரைவாகக் கிடந்தது. மறுபடியும் கடைக்கு அலைவதைவிட நாமே செய்துபார்ப்போம் என்று, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைத் துணைக்கு வைத்துக்கொண்டு அன்று உட்கார்ந்தேன். அதன்பின் என் கணினிகளிலும், என்னைப் போலவே பார்வையற்ற நண்பர்களின் கணினிகளிலும் பலமுறை பார்ட்டிஷன் போட்டு, அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து, ஆயிற்று.

முதலில் கையில் எடுத்தது விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவி. அதன் மேல்பாதி ஒரு பட்டியல், கீழ்ப்பாதி ஒரு படம். பட்டியலில் அம்புக்குறி விசையால் நகர்ந்தால், டிரைவின் பெயர், ஃபைல் சிஸ்டம், கொள்ளளவு, மீதமுள்ள இடம் ஆகியவற்றை என்விடிஏ ஒரே மூச்சில் வாசித்துவிடுகிறது. சி டிரைவின் மீது நின்று அப்ளிகேஷன்ஸ் விசையை அழுத்தி, ஷ்ரிங்க் வால்யூமைத் தேர்ந்தெடுத்து, குறைக்க வேண்டிய அளவை எம்பியில் தட்டச்சிட வேண்டும். 200 ஜிபிக்கு 204800. டிரைவில் பாதிக்குமேல் காலியாக இருந்தாலும், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்தால் அவ்வளவையும் குறைக்க விடாது. ஹைபர்னேஷன் என்ற உறக்கநிலை வசதியை நிறுத்திவிட்டு முயன்றால் சில நேரம் கூடுதல் இடம் கிடைக்கும்.

இதுவரை குறையொன்றும் இல்லை. குறைத்து முடித்த பிறகுதான் சிக்கல். புதிதாகக் கிடைத்த இடம் இன்னும் வால்யூம், அதாவது பயன்படுத்தத்தக்க டிரைவ், ஆகாததால் மேல் பட்டியலில் ஏறாது. கீழே உள்ள படத்தில் ஒரு கறுப்புப் பட்டையாக மட்டுமே இருக்கும். முதல்முறை அந்த 200 ஜிபி எங்கே போயிற்று என்று தெரியாமல், டேப் விசையை அழுத்தி அழுத்தி அரைமணி நேரம் தேடினேன். வியூ மெனுவில் மேல்பகுதியை டிஸ்க் லிஸ்ட்டாக மாற்றினால், ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒதுக்கப்படாமல் இருக்கும் இடத்தின் அளவு தனியாக வாசிக்கப்படும் என்பதைக் கண்டுகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது.

அந்த ஓராண்டில்தான், கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட் பக்கம் போனேன். எல்லாமே எழுத்து என்பதால், திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு இதைவிடத் தெளிவான கருவி இல்லை. லிஸ்ட் டிஸ்க் என்று தட்டச்சிட்டால் ஒவ்வொரு டிஸ்க்கின் எண்ணும் மொத்த அளவும் காலி இடமும் வரிவரியாக வருகின்றன; செலக்ட், ஷ்ரிங்க், கிரியேட், ஃபார்மேட், அசைன் என்று ஐந்தாறு கட்டளைகளில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் இது எதையும் திருப்பிக் கேட்காது. கிளீன் என்று சொன்னால், ‘நிச்சயமாகவா?’ என்ற ஒரு வார்த்தைகூட இல்லாமல் டிஸ்க்கைத் துடைத்துவிடும்.

நான் அதை நேரிலேயே அனுபவித்தேன். காலையில், நான் துடைக்க நினைத்த 32 ஜிபி பென் டிரைவின் எண் 2 ஆக இருந்தது. மாலையில் கணினியை மறுபடி இயக்கியபோது, வெளிப்புற ஹார்டு டிஸ்க்கை முதலில் செருகியிருந்ததால் 2 என்ற எண் அதற்குப் போய்விட்டது. தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் வரிக்கு முன்னால் டிஸ்க்பார்ட் ஒரு நட்சத்திரக் குறியைப் போடும். நானோ, வேகமாகக் கேட்பதற்காக நிறுத்தற்குறிகள் எதையும் வாசிக்காதபடி என்விடிஏவை வைத்திருந்தேன். நட்சத்திரம் இருந்தது, காதில் விழவில்லை. கிளீன் வெற்றிகரமாக முடிந்தது என்ற செய்தி மட்டும் தெளிவாகக் கேட்டது. போனவை, கல்லூரிக் காலத்தில் வாசிப்பாளர் நண்பர்கள் எனக்காகப் படித்துப் பதிவுசெய்து தந்த பாடப்புத்தக ஒலிக்கோப்புகள். வெறும் கிளீன் கட்டளை பார்ட்டிஷன் விவரங்களை மட்டுமே அழிக்கும் என்பதால் மீட்பு மென்பொருளால் பெரும்பாலானவை திரும்ப வந்தன. ஆனால் கோப்புப் பெயர்கள் வரவில்லை. எது எந்தப் பாடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைக்க ஒரு கோடை விடுமுறை கழிந்தது.

அதிலிருந்து, பார்ப்பதற்கு டிஸ்க்பார்ட், அழிப்பதற்கு டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன். அழிக்கும் முன் ஒரு பெட்டியைத் திறந்து உறுதி கேட்கிறதே, அந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் படத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். டிஸ்க்பார்ட்டிலேயே செய்தாக வேண்டியிருந்தால், செலக்ட் கட்டளைக்குப் பிறகு டீட்டெய்ல் டிஸ்க் கொடுத்து, மாடல் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்ட பிறகே மேலே போகிறேன்.

விண்டோஸ் 11-இன் செட்டிங்ஸில், ஸ்டோரேஜ் பகுதிக்குள் இருக்கும் டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ் பக்கம் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தீர்த்துவிட்டது. ஒதுக்கப்படாத இடமும் பட்டியலில் ஓர் உருப்படியாகவே வருகிறது. புதிய வால்யூம் உருவாக்கும் பொத்தானும் அங்கேயே கிடைக்கிறது. கொஞ்சம் மெதுவானது என்றாலும், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லித்தருவது இதைத்தான். விண்டோஸையே புதிதாக நிறுவும்போது கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டர் பேசத் தொடங்கி, பார்ட்டிஷன்களை எண்ணோடு வாசிக்கும். ஒலிக்கான டிரைவர் அமையாத கணினியாக இருந்தால் அங்கு மௌனம்தான், அப்போது பார்வையுள்ள ஒருவரைக் கூப்பிடத்தான் வேண்டும்.

கிளீன் கட்டளைக்கு வேலை வரும் நாட்களில், அதற்குத் தேவையான ஒன்றைத் தவிர மற்ற யுஎஸ்பி டிஸ்க்குகளையெல்லாம் கழற்றி, மேசை இழுப்பறைக்குள் வைத்து, கையால் தடவி எண்ணிப் பார்த்த பிறகே விசைப்பலகையைத் தொடுகிறேன்.