பெங்களூர்ல ஃப்ரீயா நடக்குற விசிட்டிங் புரொஃபசர் லெக்சருங்க, போலாமா வேண்டாமா

டிக்கெட் கிடையாது, நேரத்துக்குப் போய் உக்காந்தா போதும், எங்கேயோ வெளிநாட்டு யூனிவர்சிட்டில பாடம் எடுக்குற பெரிய ஆளு நம்ம முன்னாடி நின்னு ஒரு மணி நேரம் பேசுவாரு. இந்த ஊர்ல மால்ல கார் நிறுத்துற காசு கூட ஆகாத சாயங்காலம் இது. ஆனா போஸ்டர்ல "பப்ளிக் லெக்சர்"னு போட்டிருக்குறதெல்லாம் நம்பிப் போயிடாதீங்க, நல்லதும் இருக்கு, கொட்டாவியும் இருக்கு.

மொதல்ல ஐஐஎஸ்சி, அதாவது இந்திய அறிவியல் கழகம். மெயின் பில்டிங்குக்குள்ள இருக்குற ஃபேகல்டி ஹால்ல லெக்சர் வெச்சா கண்டிப்பா போங்க, அந்தக் கல் கட்டடத்துக்காகவே போலாம். 1933ல நம்ம திருச்சிக்காரர் சி.வி.ராமன் இங்க டைரக்டரா வந்தாரு, ஹிட்லர் காலத்துல வேலை போன ஜெர்மன் இயற்பியல் விஞ்ஞானி மேக்ஸ் பார்னை 1935ல இங்க வரவழைச்சதும் அவர்தான், பார்ன் ஆறு மாசம் போல இருந்தாரு, நிரந்தரமா வெச்சுக்க ராமன் எவ்வளவோ முட்டிப் பாத்தாரு, நடக்கல, மனுசன் எடின்பரோ போயிட்டாரு, 1954ல நோபல் வாங்கினாரு. இது பழைய கதைதான், ஆனா நான் லெக்சர் செலக்ட் பண்றதே இத வெச்சுதான். வந்து சில வாரம் தங்கி இங்க பசங்களோட வேலை பாக்குறவர் பேச்சு வேற, காலைல ஃப்ளைட்ல இறங்கி ராத்திரி ஃப்ளைட் பிடிக்கிறவர் பேச்சு வேற. மொத ஆளுக்கு நம்ம கூட்டம் எது கேட்டா சிரிக்கும், எங்க முழிக்கும்னு பிடிபட்டிருக்கும். ரெண்டாவது ஆளு எல்லா ஊர்லயும் போடுற அதே ஸ்லைடை ஓட்டிட்டுப் போயிடுவாரு.

அந்த வகைல ஹெசரகட்டா பக்கம் இருக்குற ஐசிடிஎஸ்ங்கிற அறிவியல் ஆராய்ச்சி மையம் சூப்பர். அங்க நடக்குற புரோகிராமெல்லாம் வாரக்கணக்குல ஓடும், அதுக்கு வர்றவங்கதான் லெக்சரும் குடுப்பாங்க. ராமனோட அண்ணன் பையன், நட்சத்திரங்களை ஆராய்ஞ்ச விஞ்ஞானி சந்திரசேகர் பேர்ல ஒரு சீரிஸ், கணித மேதை ராமானுஜன் பேர்ல ஒரு சீரிஸ்னு இருக்கு. பெரும்பாலும் மொத லெக்சர்தான் எல்லாருக்கும் புரியுற மாதிரி இருக்கும், அடுத்ததுக்கு ஆர்வக்கோளாறுல போய் உக்காந்தீங்கன்னா போர்டு முழுக்க ஈக்வேஷன்தான். ஒரே பிரச்சனை தூரம், ஊருக்குள்ள இருந்து போய்ட்டு வர்றதுக்குள்ள பாதி நாள் காலி. அதனாலதானோ என்னவோ, சவுடையா ரோட்ல இருக்குற நேரு பிளானட்டேரியத்துல "காப்பி வித் க்யூரியாசிட்டி"ன்னு ஒண்ணு நடத்துறாங்க, ஃபேமிலியோட போக அதுதான் பெஸ்ட்.

இந்த மாதிரி ஒரு லெக்சர்ல ஈர்ப்பு அலை பத்தி ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி பேசினாரு. விண்வெளில இருந்து வர்ற அந்த அலையப் பிடிக்கிற மெஷின்ல 4 கிலோமீட்டர் நீளக் குழாய், கடைசில கண்ணாடி, அலை வந்தா அந்தக் கண்ணாடி நகர்ற தூரம் ஒரு புரோட்டான்ல ஆயிரத்துல ஒரு பங்கை விடக் கம்மின்னாரு. உடனே ஒரு பொண்ணு, எட்டாவது படிப்பா போல, "ரோட்ல லாரி போனா ஆடாதா?"ன்னு கேட்டுச்சு. மனுசன் ஸ்லைடை மூடிட்டு பத்து நிமிஷம் அதுக்கே பதில் சொன்னாரு, கண்ணாடிய ஊசல் மாதிரி அடுக்கடுக்கா தொங்க விட்டிருக்கறது, 3000 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மெஷின் இருக்கறது, லாரி ஆட்டினா ஒண்ணுதான் ஆடும், ரெண்டும் ஒரே மாதிரி ஆடினாத்தான் கணக்குன்னு. 2015 செப்டம்பர்ல மொத சிக்னல் ரெண்டுலயும் 7 மில்லிசெகண்ட் வித்தியாசத்துல வந்துச்சாம். யூட்யூப்ல ரெக்கார்டிங் பாத்துக்கலாம்னு வீட்லயே இருந்துடாதீங்க, நேர்ல போனாத்தான் இப்படி நீங்களும் கை தூக்க முடியும்.

இனி மோசமானது. பேர் வேண்டாம், ஒரு பிரைவேட் யூனிவர்சிட்டி. குத்துவிளக்கு, பிரார்த்தனைப் பாட்டு, வரவேற்புரை, அப்புறம் கெஸ்ட் பயோடேட்டாவ மொத வேலைல இருந்து வாசிச்சாங்க, மைசூர் பேட்டான்னு ஒரு தலைப்பாகை, சால்வை, சந்தன மாலை, போட்டோ, டீன் பேச்சு, அவருக்கும் ஒரு சால்வை. பேட்டா நெத்தில இறங்க இறங்க கெஸ்டா வந்த அந்தம்மா வாட்ச்சையே பாத்துட்டு இருந்தாங்க. கடைசில அவங்களுக்கு மிஞ்சினது இருபது நிமிஷம், ஸ்லைடை ரெண்டு ரெண்டா தாண்டினாங்க, கேள்வி நேரம் கேன்சல், ஏன்னா நன்றியுரை பாக்கி. அட்டெண்டன்ஸுக்காக உக்கார வெச்ச ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் போன்ல. சமோசா மட்டும் சூடா இருந்துச்சு, அதச் சொல்லியே ஆகணும்.

போறவங்க கவனிக்க வேண்டியது: "செமினார்", "கொலோக்கியம்"னு போட்டிருந்தா அது துறை ஆளுங்களுக்கு, தலைப்புக்குக் கீழ இருக்குற சுருக்கத்தப் படிங்க, ரெண்டு வரி புரியலேன்னா விட்டுடுங்க. கேட்ல கேப்பாங்க, ஐடி எடுத்துட்டுப் போங்க. பத்து வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைங்களுக்கு லெக்சர் வேண்டாம், பிளானட்டேரியம் ஷோ காட்டிக் கூட்டிட்டு வாங்க. ஐஐஎஸ்சின்னா முடிஞ்சதும் மல்லேஸ்வரம் பக்கம்தான், சிடிஆர் ஹோட்டல்ல பெண்ணெ தோசை (வெண்ணெய் தோசை) சாப்பிடலாம், க்யூ இருக்கும்.

என் மார்க்: ஐஐஎஸ்சி 4, ஐசிடிஎஸ் 4.5 (அரை மார்க் தூரத்துக்குக் கட்), பிளானட்டேரியம் 5, சால்வை யூனிவர்சிட்டி 1, அதுவும் சமோசாவுக்கு.