அப்பாவின் தேர்தல் கொப்பியும் ஒரு ஸ்கேன் கடையும்

திருகோணமலை மத்திய வீதியில் உள்ள ஒரு போட்டோக் கொப்பிக் கடை. பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன், அந்தத் தம்பியின் பிழைப்பில் மண் போட விருப்பமில்லை.

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளாக்காக இருந்த அப்பா, தேர்தல் செய்திகளை வெட்டி ஒரு சி.ஆர். கொப்பியில் ஒட்டி வைத்திருந்தார். கோதுமை மாப் பசை. தொட்டால் உதிரும், பாதியைக் கறையான் தின்றுவிட்டது. வேறு கடையென்றால் தாள்களைப் பிய்த்து மெஷினுக்குள் தள்ளியிருப்பார்கள். இந்தத் தம்பி கொப்பியைப் பிரிக்காமல், ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் வைத்து 2 நாள் இருந்து எடுத்தான். பக்கம் 40 ரூபா, பென் ட்ரைவ் நான் கொடுத்தது.

மங்கிப்போன 1952 செய்தி இப்போது வாசிக்க முடிகிறது. அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சி வென்றது 2 தொகுதிதான்: கோப்பாய், திருகோணமலை. திருகோணமலையில் வென்ற இராஜவரோதயத்தின் பெயரைச் சுற்றி அப்பாவின் சிவப்புப் பென்சில் வட்டம். அவர் இறந்து 1963இல் வந்த இடைத்தேர்தலில் வென்ற மாணிக்கராஜாவுக்கு வட்டமில்லை. ஏன் என்று கேட்க அப்பாவும் இல்லை. 1970 பக்கத்தில் எங்கள் மாவட்டத்து மூதூர்த் தொகுதிக்கு 2 பேர், அப்துல் மஜீதும் தங்கத்துரையும். தம்பிக்கு அதுதான் புதினம். "ஒரு தொகுதிக்கு ரெண்டு எம்பியா ஐயா? விருப்பு இலக்கம் எல்லாம் போட்டவங்களா?" மாவட்டம் முழுக்க ஒரே தொகுதியாகி 4 பேரைத் தெரிவதைத்தான் அவன் கண்டிருக்கிறான். மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி, கட்சிப் பட்டியலில் பிடித்தவரின் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்கெல்லாம் பிறகு வந்தது என்றேன். 1977 பக்கத்தில் திருகோணமலையில் முதல்முறை வென்ற சம்பந்தன் ஐயாவின் படத்தை அவன் அடையாளமே காணவில்லை. 2024இல் அவர் செத்தபோது ஒட்டின போஸ்டரில் இருந்த முகம்தான் அவனுக்குத் தெரியும்.

இனிக் குறை. 1977க்கு முன் மூதூரிலிருந்து சேருவிலவைத் தனித் தொகுதியாகப் பிரித்தபோது அப்பா கையால் கீறிய வரைபடம் ஒன்று இருந்தது. லமினேட் பண்ணக் கொடுத்தேன். ஏ4 உறைக்குள் அடங்கவில்லையாம், என்னைக் கேட்காமல் இடது பக்கத்தை வெட்டிவிட்டான். கந்தளாய் போச்சு.

"ஓரத்தில சும்மா பச்சைதானே ஐயா இருந்தது."

எல்லை நிர்ணய ஆணைக்குழு கூட இவ்வளவு லேசாகக் கத்தரி வைத்ததில்லை. ஏசினேன். குப்பைக் கூடையைக் கொட்டி அந்தத் துண்டைத் தேடி எடுத்தான். கந்தளாய்க் குளத்தில் பாதி அதில் இருந்தது. லமினேட்டுக்குக் காசு வாங்கவில்லை.

பழைய கொப்பி, கடிதம், காணி உறுதி ஸ்கேன் பண்ண வேண்டுமென்றால் தயங்காமல் போகலாம். வரைபடம் என்றால் முதலே "வெட்டாதே தம்பி" என்று சொல்லிவிடுங்கள். ஏ3 உறை அங்கே இல்லை.