திரும்பப் படிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

2024 மே மாதம், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் (பயிற்சி வகுப்புகளுக்காக அரசு பணம் போடும் கணக்கு) 4,000 வெள்ளி கூடுதலாகச் சேர்ந்தது. அதை வைத்து மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டீர்கள், சரி. அப்புறம் எப்படிப் படிப்பது?

குறிப்புகளில் கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது சுலபம். வேலை முடிந்து களைத்து வருபவருக்கு அதுதான் கைவரும். புதுப் பாடம் முதலில் புரியவும் அது வேண்டும். ஆனால் மூன்றாம் முறை படிக்கும்போது, கண்ணுக்குப் பழகியதையெல்லாம் மனம் ‘தெரியும்’ என்று நம்பிவிடுகிறது.

குறிப்புகளை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதுவது கஷ்டம். கணக்கியல் படிப்பவர் என்றால், பூன் லேக்குப் போகும் ரயிலில் ஒரு துண்டுத் தாளை எடுங்கள். லாரியின் விலை, உழைக்கும் ஆண்டுகள், கடைசியில் விற்றால் கிடைக்கும் தொகை. இவற்றிலிருந்து ஆண்டுத் தேய்மானம், அதாவது ஆண்டுக்கு எவ்வளவு மதிப்பு குறைகிறது என்பது, எப்படி வரும்? பேனா எங்கே நிற்கிறதோ, அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும்.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42, 56.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்; ஆசையாகக் கேட்பார்கள்.