ஃப்யூவல் பம்ப் சத்தம்: ஒரே பழைய காரில் இரண்டு முறை, இரண்டு காரணங்கள்

என்னிடம் இருப்பது பழைய பெட்ரோல் கார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷன், டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்சார பம்ப், ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், மிஞ்சுகிற பெட்ரோல் மறுபடி டேங்குக்கே திரும்புகிற அமைப்பு. பின்சீட்டுக்கு அடியிலிருந்து வரும் பம்ப் சத்தத்தை இந்த ஒரே வண்டியில், பல வருட இடைவெளியில், இரண்டு முறை பார்த்துவிட்டேன். முதல் முறை பம்ப் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை பம்பேதான் காரணம். "சத்தம் வருதா, பம்பை மாத்திடுங்க" என்பதுதான் எங்கே கேட்டாலும் கிடைக்கிற பதில். அதனால்தான் இரண்டையும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடித்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் வேலை, சத்தம் பம்பிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்வது. வீல் பேரிங் சத்தம் வண்டியின் வேகத்தோடு ஏறும். ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் சத்தமெல்லாம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடவே ஏறும். பழைய வண்டிகளில் பம்ப் பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுவதால், எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் அதன் குரல் அவ்வளவாக மாறாது. இன்னொரு வழி: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் 2, 3 நொடி ஓடிவிட்டு நிற்கும். எஞ்சின் சத்தம் குறுக்கே வராததால் அந்த நேரத்தில் தெளிவாகக் கேட்கலாம்.

என் வண்டியில் முதலில் வந்தது கூர்மையான, மெல்லிய "உய்ங்..." சத்தம். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் வரும். வெயிலில் நீண்ட தூரம் ஓட்டினால் இன்னும் ஏறும். டேங்க்கை நிரப்பினால் அடங்கிவிடும். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கவனித்ததிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. பம்பின் மோட்டாருக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருவது அதன் வழியாக ஓடும் பெட்ரோல்தான். பம்புக்கு வேண்டிய அளவு பெட்ரோல் உள்ளே வராவிட்டால், மூக்கடைத்தவன் மூச்சிழுப்பதுபோல அது இழுக்கும். இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து பெட்ரோலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, அழுத்தம் கூடும் இடத்துக்குப் போனதும் உடையும். அந்த உடைதலின் சத்தம்தான் நாம் கேட்பது. பெட்ரோல் சூடானால் குமிழ்கள் இன்னும் எளிதாக வரும். ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு பெட்ரோல் டேங்குக்கே திரும்புவதால், அளவு குறையக் குறைய டேங்கில் இருப்பது சீக்கிரம் சூடாகிவிடும்.

ஆக, இழுக்கும் பக்கத்தில் ஏதோ தடை. முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடி, ஏனென்றால் அதற்குச் செலவே கிடையாது. டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி இதே சத்தம் வரும். மூடியைத் திறந்ததும் "புஸ்" என்று காற்று உள்ளே பாயும், சத்தமும் குறையும். என் வண்டியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்து மின்சாரம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் கனெக்டரில் 13.5. இது நல்ல அளவு. இங்கே ஒரு வோல்டுக்கு மேல் குறைந்தால் ரிலே, கனெக்டர், எர்த் மூன்றையும் சுத்தம் செய்யாமல் பம்பைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. வோல்ட் குறைந்த பம்ப் மெதுவாக ஓடும், அதைப் பார்த்துப் பம்ப் பலவீனம் என்று எளிதில் முடிவுகட்டிவிடுவார்கள்.

பிறகு பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அழுத்தம் 2.5 பார். அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் 3.0. இரண்டும் சரி. இத்தோடு நிறுத்தியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு, அரைகுறையாக அடைத்த வழியில்கூட அது வந்து சேர்ந்துவிடும். அதனால் கேஜின் குழாயை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை கண்ணாடியில் டேப்பால் ஒட்டி, கால்வாசி டேங்கோடு ஒரு மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஏற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் முள்ளைப் படித்துச் சொன்னார். முழு மிதியில் 3.0 காட்ட வேண்டிய முள் நடுங்கிக்கொண்டே 2.2 வரை இறங்கியது. டேங்க் நிறைந்த பிறகு அதே மேடு, அதே மிதி: முள் அசையவில்லை. பம்புக்கு வலு இருக்கிறது, அதற்குப் பெட்ரோல்தான் போய்ச் சேரவில்லை என்பது அந்த முள்ளிலேயே தெரிந்துவிட்டது.

பம்பை வெளியே எடுப்பது பெரிய வித்தை இல்லை, ஆனால் ஆபத்தான வேலை. பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைத் தானாக அணையும் வரை ஓடவிட்டால் லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பேட்டரி எர்த்தைக் கழற்றி, திறந்த வெளியில், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செய்ய வேண்டும். தீப்பொறி வரக்கூடிய எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. மேல் தட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் துடையுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவும் டேங்குக்குள் விழும்.

வெளியே வந்த ஸ்ட்ரெய்னரை, அதாவது பம்பின் அடியில் இருக்கும் வலைப்பையை, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் வரவில்லை. வலையின் கண்களில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு, அதற்குள் பொடித் துரு. விரலால் தேய்த்தால் நரநரவென்றது. பம்பைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் உறையும் இறுகி விறைத்துப் போயிருந்தது. மெத்தென்று இருக்க வேண்டிய அந்த உறைதான் மோட்டாரின் அதிர்வை வண்டியின் தகடுக்குப் போகாமல் தடுக்கிறது. புது ஸ்ட்ரெய்னர், புது ரப்பர் உறை, புது மேல் சீல் போட்டேன். பழைய சீலை மறுபடி போட முயல வேண்டாம், பெட்ரோலில் ஊறி உப்பிவிடுவதால் பள்ளத்தில் உட்காராது. டேங்குக்குள் வரும் சிறு ஹோஸையும் மாற்றினேன். அதற்கு மூழ்கியே இருக்கத் தாங்கும் வகை, எஸ்ஏஇ ஜே30 ஆர்10 தரம், வேண்டும். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்ளே போட்டால் வெளிப்பக்கம் ஊறிக் கெட்டுவிடும். அதே பழைய பம்பைத் திரும்பப் போட்டேன். சத்தம் அடங்கியது. அந்த பம்ப் அதன் பிறகும் சில வருடங்கள் குறையில்லாமல் உழைத்தது.

இரண்டாம் முறை வந்தது வேறு குரல். தாழ்ந்த, கரகரப்பான உறுமல். டேங்க் நிறைந்திருந்தாலும் அதேதான். கூடவே காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடித்தது. எஞ்சினை அணைத்த சில நிமிடங்களில் கேஜ் பூஜ்யத்துக்கு இறங்கியது. இன்ஜெக்டர் ஒழுகினாலும், ரெகுலேட்டர் கெட்டிருந்தாலும் இப்படி இறங்கும். அதனால் அணைத்த கையோடு ரிட்டர்ன் ஹோஸை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், இறங்குவது நிற்கவில்லை. பம்பிலிருந்து வரும் ஹோஸை அழுத்திப் பிடித்ததும் நின்றது. பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி இறங்காமல் தடுக்கும், பம்புக்குள் உள்ள வால்வு பிடிப்பை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இன்னும் தெளிவாகச் சொன்னது: முன்பு 5 ஆம்பியரில் நின்ற பம்ப், இப்போது ஓரிடத்தில் நிற்காமல் 8 வரை ஊசலாடியது. இந்த முறை யோசிக்காமல் பம்பை மாற்றினேன். கழற்றியதை நன்றாக உலரவிட்டு அறுத்துப் பார்த்தபோது கம்யூட்டேட்டரில் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் வாங்கும் செம்புப் பட்டைகள்) நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம், அதைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் கிட்டத்தட்ட தேய்ந்து தீர்ந்திருந்தது.

புது பம்ப் வாங்கும்போது போலிகள் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். பெட்டியைவிட, பொருளின் மேல் பொறித்த எண்ணையும் கனெக்டரின் நேர்த்தியையும் பழையதோடு ஒப்பிடுவது நல்லது. பிராக்கெட் துருப்பிடிக்காமல், ஃப்யூவல் மீட்டர் மிதவையும் சரியாக இருந்தால் முழு அசெம்பிளி தேவையில்லை, மோட்டார் பகுதி மட்டும் போதும். புதியதன் குரல் பழையதைவிடக் கொஞ்சம் உயர்ந்தே இருக்கிறது. பிரஷரும் ஆம்பியரும் சரியாக இருப்பதால் அதை நான் கோளாறாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது பம்ப் போட்ட அன்றே ஐடிலிங் பிரஷர், முழு மிதி பிரஷர், ஆம்பியர், கனெக்டர் வோல்ட் நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். ஒவ்வொரு முறை ஃப்யூவல் ஃபில்டர் மாற்றும்போதும் அளந்து அதன் கீழேயே எழுதுகிறேன். இதுவரை ஆம்பியர் நகரவில்லை. முழு மிதி பிரஷர் கடைசி முறை ஒரு கோடு குறைந்திருக்கிறது, அதுவும் டேங்க் காலியாக இருக்கும்போது மட்டும். டேங்கின் அடியில் துரு இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஸ்ட்ரெய்னரோடு டேங்க்கையும் இறக்கிக் கழுவப் போகிறேன்.